நோன்பு முறியும் என்று நினைத்த ஊசி

அஸ்ஸலாமு அலைக்கும், கண்ணு.

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. மாடியில் இருக்கிறவனிடம் அதை என்னவென்று கேட்பது? மத்தியானம் கொடுத்தனுப்பிய மீன்குழம்புப் பாத்திரம் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. நலமாகத்தான் இருக்கிறாய். படியேறி வந்து சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன கிறுக்கா என்று நினைப்பாய். முட்டி வலி ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இடது காதுப் பக்கம் வந்து, காது மெஷினுக்கு நேராக நின்று, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்த வேண்டும். கொத்தமல்லி வாங்கி வா என்று கத்தலாம். மன்னித்துவிடு என்பதை எப்படிக் கத்துவது? அதற்காகத்தான் பேரன் பேத்தி எடுத்த வயதில் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு நீ கீழே வந்தாய். செக்கிங் டேபிளில் இருந்த பனியன்களை ஒதுக்கிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாய். "அம்மா, தெரிஞ்சும் தெரியாமயும் நான் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்கம்மா" என்றாய். மக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய் இப்படிக் கேட்பது நம்மிடம் உள்ள வழக்கம். அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நீ முறையாகத்தான் கேட்டாய். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, நல்லபடியாப் போயிட்டு வா" என்று தலையைத் தடவியிருக்க வேண்டும் நான். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ முகத்தைப் பார்த்துப் பேச்சைப் படிக்கிறவன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்பது இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம்.

அது போதாதென்று ராத்திரிச் சாப்பாட்டில் இன்னொன்று. மக்கா போகிறவர்கள் போட வேண்டிய மூளைக்காய்ச்சல் ஊசியை நீங்கள் இரண்டு பேரும் எப்போது போடப் போகிறீர்கள் என்று உன் அத்தா கேட்டார். நீ சர்வசாதாரணமாகச் சொன்னாய்: "எனக்குத்தான் அந்தக் காய்ச்ச வந்துட்டுப் போயிருச்சுங்களே அத்தா. வந்தவனுக்கு மறுபடி எங்க வரப் போகுது? ஏஜென்ட்டு ஊசி போட்டதா கார்டு மட்டும் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு." உன் பெண்டாட்டி பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "கேம்ப்பு நோன்பு ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் வெக்கறாங்களாம் மாமி. நோன்போட ஊசி போட்டா நோன்பு என்னாகறதுங்க?" என்றாள். எனக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பேசியது அவள் பேச்சே இல்லை. அது என் பேச்சு.

நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்த வருஷம், நானும் அத்தாவும் ரமலானில் மக்காவுக்கு உம்ரா போன கதை உனக்குத் தெரியும். நம் வீட்டில் அதை எப்படிச் சொல்லிக்கொள்வோம் என்றும் தெரியும். "அந்த ஏஜென்ட் ஏமாத்திட்டான், ஊசி போடாம கார்டைக் கொடுத்துட்டான், பாவி." உன் மாமுமார்களும் அப்படித்தான் சொல்வார்கள், காதர்பேட்டையில் நம் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படித்தான். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. நான் மறுக்கவில்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

எங்களைக் கூட்டிப்போன அந்த ஏஜென்ட் ஏமாற்றவில்லை. குரூப்பில் போகிற எல்லாருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் கேம்ப் வைத்தான். நோன்பு தொடங்கிவிட்டிருந்தது. காலை நேரம். நர்ஸம்மா ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது. "கையைக் காட்டுங்கம்மா" என்றார். முழங்கைக்கு மேலே ஏற்றியிருந்த சட்டைக் கையை நான் இறக்கி விட்டுக்கொண்டேன். "நோன்பு வெச்சிருக்கேனுங்க. உடம்புக்குள்ள மருந்து போனா நோன்பு முறிஞ்சு போயிரும்" என்றேன். நர்ஸம்மா சிரித்தார். "உங்காளுங்க இத்தன பேரு போட்டுக்கிட்டாங்களேங்கம்மா" என்றார். அவர்கள் எப்படியோ, நான் அப்படி இல்லை என்று எனக்குள்ளே ஒரு மிதப்பு. ஆமாம், மிதப்புதான். பக்தி என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். உன் அத்தா, "நோன்பு தொறந்துட்டு எங்கயாச்சும் டாக்டர்கிட்டப் போட்டுக்கலாம்" என்றார். நோன்பு திறந்தால் மஃரிப் தொழுகை, அப்புறம் இஷா, அப்புறம் தராவீஹ். இதற்கு நடுவே துணிமணி அடுக்க வேண்டும், கடைச் சாவியை உன்னிடம் ஒப்படைக்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். நான் போடாததால் அவரும் போடவில்லை. கடைசியில் நான்தான் அந்த ஏஜென்ட்டைப் பிடித்து, "தம்பி, கார்டு மட்டும் போட்டுக் குடுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். அவன் முதலில் முடியாது என்றான். நான் விடவில்லை. என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

யோசித்துப் பார் கண்ணு. செக்கிங் டேபிளில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவள் நான். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த பீஸைத் தூக்கி ரிஜெக்டில் போடுகிறவள். பார்க்காமலே 'பாஸ்' டேக் குத்தின ஒரு பெண்ணை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினவள். அந்த நான், ஊசியே போடாமல் போட்டேன் என்று எனக்கே ஒரு டேக் குத்திக்கொண்டு விமானம் ஏறினேன். அதுவும் எந்த ஊருக்கு? பொய் சொல்லாமல் போக வேண்டிய ஊருக்கு.

நீ குழந்தையாக இருந்தபோது ஒரு சொட்டு மருந்துகூட, ஒரு ஊசிகூடத் தவறவிட்டதில்லை நான். நீ வீல் என்று கத்துவாய், உன் அத்தா வெளியே ஓடிவிடுவார், நான்தான் உன் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். "ஏன் இப்படி ராட்சசி மாதிரி புடிக்கறே" என்று ஒருநாள் என்னைத் திட்டினார். பிள்ளைக்கு என்றால் அத்தனை உறுதி. எனக்கு என்று வந்தபோது அந்த உறுதி எங்கே போனது? என் உடம்புக்கு வந்தால் எனக்குத்தானே, போய்ச் சேர்ந்தால் மக்காவில் மௌத், அதைவிடக் கொடுப்பினை உண்டா என்றுகூட அந்த நர்ஸிடம் சொன்னதாக ஞாபகம். எவ்வளவு திமிர் பார். என் உடம்புக்கு வருவது என்னோடு நின்றுவிடும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

அங்கே போய்ப் பார்த்த கூட்டத்தை நான் என்னவென்று சொல்ல. எத்தனை நாடு, எத்தனை நிறம், எத்தனை பாஷை. தோளோடு தோள் உரசாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. முன்னால் இருப்பவர் இருமினால் என் முகத்தில் படும், நான் தும்மினால் பின்னால் இருப்பவர்மேல் படும். பக்கத்தில் உட்கார்ந்து நோன்பு திறந்த ஒரு கறுத்த அம்மா தன் பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அழுதோம். அந்த இனிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டம்தான் அந்த இடத்தின் பரக்கத், அதன் அருள். அதே கூட்டத்தில்தான் ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் தொண்டைக்குக் கிருமியும் போகும். ஒரு ரூமில் பத்துப் பேர் படுக்கிற நம் ஊர் லைன் வீடுகளில் ஒருத்தனுக்குச் சளி பிடித்தால் என்ன ஆகிறது, பார்க்கிறோம் இல்லையா? அதனால்தான் வருகிற ஒவ்வொருவரும் ஊசி போட்டுக்கொண்டு வா என்று அந்த நாடு கேட்கிறது. அதை ஒரு கெடுபிடி என்றுதான் நான் நினைத்தேன். மற்றவர் பிள்ளைமேல் அவர்கள் வைத்த அக்கறை என்று எனக்குப் படவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து நாங்கள் திரும்பி வந்தோம். எனக்கு ஒன்றுமில்லை, அத்தாவுக்கும் ஒன்றுமில்லை. லேசாகத் தொண்டைக் கரகரப்பு, ஏசியால் என்று விட்டுவிட்டோம். நீ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய். காலேஜ் பிள்ளை என்ற வெட்கம்கூட இல்லாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, எனக்காக துஆ கேட்டீங்களாம்மா?" என்றாய். கேட்டேன் கண்ணு, என் துஆவில் பாதி நீதான் என்றேன். உன் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டேன். அப்புறம் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, பிஸ்மில்லா சொல்லி நான் ஒரு வாய் குடித்து, மிச்சத்தை உன்னிடம் நீட்டினேன். போய் வந்தவர் வாய் வைத்த டம்ளரில் வீட்டுப் பிள்ளை குடிப்பது நம் குடும்பத்து வழக்கம். நீ மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்த்து நின்று ஒரு சொட்டு விடாமல் குடித்தாய். தண்ணீர்மேல் குற்றமில்லை, அது சுத்தமான தண்ணீர். குற்றம் டம்ளரில் வாய் வைத்தவள்மேல்.

அந்த வாரமே நீ படுத்தாய். காலையில் தலைவலி என்றாய். பெருநாள் வியாபாரத்தில் கடையில் நின்ற அலுப்பு என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் காய்ச்சல் கொதித்தது, வாந்தி எடுத்தாய், ஜன்னலைச் சாத்துங்கம்மா, வெளிச்சம் குத்துது என்றாய். அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? கண்ணேறு பட்டுவிட்டது என்று ஓதி ஊதினேன். அந்த ஜம்ஜமையே ஸ்பூனில் எடுத்து மறுபடி உனக்குப் புகட்டினேன். மஃரிபுக்கு எழுந்து தொழ நின்றவன், "சஜ்தாவுக்குக் குனிய முடியலம்மா, கழுத்து மடங்க மாட்டேங்குது" என்றாய். அதைக் கேட்டு உன் அத்தாதான் அலறியடித்துக்கொண்டு வண்டியைக் கூப்பிட்டார். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கோயமுத்தூர் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் உன் காலில் நாவல்பழக் கறை மாதிரி புள்ளிகள் தெரிந்தன. அவினாசி ரோட்டில் போன அந்தப் பயணத்தை இன்றுவரை என்னால் நினைக்க முடிவதில்லை.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். உன்னைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நான் வெளியே நின்றேன். காலைப் பிடித்துக்கொள்ளும் ராட்சசிக்கு அன்றைக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை. என் கையில் ஏற வேண்டிய சின்ன ஊசியை நான் வேண்டாம் என்றேன், உன் முதுகில் பெரிய ஊசி ஏறியது. மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் கிருமி என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாராவது ஹஜ், உம்ரா போய் வந்தார்களா, ஊசி போட்டிருந்தார்களா என்று கேட்டார். உன் அத்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சில பேருக்குக் கிருமி தொண்டையில சும்மா தங்கியிருக்கும்மா. அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா கிட்ட இருக்கறவங்களுக்குப் போயிரும். இவருக்கு உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. வந்திருக்கலாம்" என்றார். எங்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்து விழுங்கச் சொன்னார். நல்ல மனுஷர், எனக்கு ஒரு சந்தேகத்தை மிச்சம் வைத்தார். என் மனசில் சந்தேகமே இல்லை.

உன்னைப் பார்க்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். துஆ ஓதிவிட்டுக் கிளம்பும்போது நான் மெல்லக் கேட்டேன், நோன்பில் ஊசி போட்டால் முறிந்துவிடுமா என்று. "இந்த ஊசி சாப்பாடு இல்லீங்கம்மா, பசியா ஆத்துது? நோன்பு முறியாது. மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சுன்னா நோன்பு தொறந்துட்டுப் போட்டுக்கலாம். போடாமப் போகக் கூடாதுங்கம்மா" என்றார். பள்ளிவாசல் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு பிள்ளையை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லியிருக்கலாம். தெரியாதது தப்பில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன் பார், அதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அல்லா உன் உயிரைத் திருப்பிக் கொடுத்தான். வலது காதை எடுத்துக்கொண்டான், இடது காதில் கொஞ்சம் வைத்தான். கண் விழித்ததும் நீ கேட்டாய், "ஏம்மா யாரும் பேச மாட்டேங்கறீங்க?" நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல நீ ஆசைப்பட்டு, ஹஜ்ரத்திடம் ராகம் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சையே நீ அப்புறம் எடுக்கவில்லை. இப்போது விடியற்காலை ஃபஜ்ர் பாங்கு உனக்குக் கேட்பதில்லை, நான்தான் மாடிப்படி விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன். அந்த வெளிச்சம் பார்த்து நீ எழுந்து வருகிறாய். கம்பெனியில் எல்லாரும் என்னை மாதிரிதாம்மா, அந்த மெஷின் சத்தத்துல யாருக்கு என்ன கேக்குது என்று சிரிப்பாய். நீ சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்விடுவேன்.

அந்த ஏஜென்ட்டை ஊரே தூற்றியது. தன் டிராவல்ஸ் கடையை மூடிவிட்டான். போன மாதம் காதர்பேட்டையில் பார்த்தேன், யாருக்கோ பனியன் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் தப்புச் செய்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. போடாத ஊசிக்குக் கார்டு கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் கேட்டது யார்? தலையைக் குனிய வேண்டியவள் நான். அவனிடமும் போய்ச் சொல்லத்தான் போகிறேன். முதலில் உன்னிடம்.

இனி நீ நான் சொல்கிறபடி கேள். எனக்கு வந்துவிட்டது, இனி வராது என்று நினைக்காதே. நம் டாக்டரிடம் இன்று காலை போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தக் கிருமியில் பல வகை உண்டாம். உனக்கு வந்தது ஒன்று. மற்றவை உன்னை விட்டுவைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊசி அந்த வகைகளில் முக்கியமானவற்றுக்குச் சேர்த்துப் போடுகிறார்கள். அதுவும் கிளம்புகிற அன்றைக்குப் போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. உடம்பு தயாராக நாள் எடுக்கும், அங்கே போய் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் போடுகிற வேலை இதில் நடக்காது. சில வகை ஊசி தொண்டையில் கிருமி தங்குவதையும் குறைக்குமாம். அதைத்தான் கேட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வந்த பிறகு காய்ச்சல், தலைவலி என்றால் சுக்குக் காப்பி குடிக்காதே. எங்கே போய் வந்தாய் என்று சொல்லி அன்றைக்கே டாக்டரைப் பார். உன் பெண்டாட்டியிடம் ஹஜ்ரத் சொன்னதைச் சொல். அவளை அதட்டாதே. என்னிடம் யாராவது அதட்டாமல் எடுத்துச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனோ என்னவோ.

பாப்பாவை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். நான் பார்த்துக்கொள்வேன், கவலை வேண்டாம். ஆனால் நீங்கள் திரும்பி வரும் அன்று வாசலில் நிற்கப் போகிறவள் அவள். நான் எவ்வளவு பிடித்து வைத்தாலும் திமிறிக்கொண்டு ஓடி வந்து உன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அவள் உன் மகள், உன்னைப் போலத்தான் ஓடுவாள். அவளை நீ தயங்காமல் தூக்க வேண்டும், கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

படித்து முடித்ததும் உன் உம்ரா வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போடு. அம்மாவின் மானம் போகும் என்று பார்க்காதே. போகட்டும். நோன்பு பிடித்துக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிடுகிற ஒரு பெண்ணாவது படித்தால் போதும்.

பயணம் போகிறவர் மன்னிப்புக் கேட்பதுதான் வழக்கம். நான் போனபோது தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிக் கேட்டேன். உனக்குச் செய்தது திரும்பி வந்த பிறகு. அதற்குக் கேட்க ஒரு வழக்கமும் இல்லாமல் போய்விட்டது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் என்ன செய்வான், உன்னிடம் போய்க் கேள் என்றுதான் சொல்லியிருப்பான். கேட்கிறேன் கண்ணு. அம்மாவை மன்னித்துவிடு. நீ நேற்று கேட்டதற்கும் பதில் இதோ: நீ எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை.

நோன்பு பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. கேம்ப்புக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை உங்கள் இரண்டு பேருக்கும் டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நானும் கூட வருகிறேன். மன்னித்தேன் என்று நீ வாயால் சொல்ல வேண்டாம், கேட்டால் நான் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன். அன்றைக்கு ஃபஜ்ர் முடிந்ததும் மாடிப்படி விளக்கை இன்னொரு தடவை போட்டு அணைப்பேன். நீ சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு இறங்கி வா.

உன் அம்மா